ஐம்பத்தெட்டு சிவப்பு, ஒரு பச்சை

எங்கள் டிப்போவில் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் ஒழிந்து மூன்று வருஷம் ஆகிறது. "ஏறிட்டா?" என்றுதான் கேட்போம். ஏற வேண்டியது சி.ஆர்.பி. என்கிற ஒரு புரதம். அது இரத்தத்தில் பத்தைத் தாண்டினால் லீவு. தாண்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு போய் வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

நான் தாணுமூர்த்தி. அம்பாசமுத்திரம் பொருநைக் கூட்டுறவுப் பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது, யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். ஒரே பெரியப்பாவை மூன்று தடவை சாகடித்து லீவு வாங்கியவர்களையெல்லாம் எனக்குத் தெரியும். தெர்மாமீட்டரை டீக்கிளாஸில் முக்கி எடுத்தவர்களையும் தெரியும். ஒருத்தர் கொஞ்சம் அதிகமாகவே முக்கி நூற்றுப் பதினொன்று காட்டினார். அவரும் வெட்கமே இல்லாமல் நின்றார்.

அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது ஆளுக்கொரு கைப்பட்டை. தோலில் ஒட்டிக்கொண்டே இருந்து இரத்தத்தில் சி.ஆர்.பி. எவ்வளவு என்று படிக்கும். கேட் அருகே ஒரு பெட்டி இருக்கிறது. கையை அதன் முன் நீட்டினால் பச்சை விளக்கு எரிந்தால் டூட்டி, சிவப்பு எரிந்தால் லீவு. "வாயால் பொய் சொல்லலாம், கல்லீரலால் சொல்ல முடியாது" என்று அறிமுக விழாவில் யாரோ பேசினார்கள். நாங்களும் கை தட்டினோம். எல்லா லீவும் ரத்து, இனி உடம்பு லீவு ஒன்றுதான் என்பது கை தட்டிய பிறகுதான் தெரிந்தது.

பச்சை எரிந்தும் வேலைக்கு வராதவர் பெயருக்கு நேரே "பொய்" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் சேர்ந்துகொண்டது. மூன்று பொய் விழுந்தால் வேலை போய்விடும்.

பேச்சித்தாய்க்கு இரண்டு விழுந்திருந்தது.

பேச்சித்தாய் எங்கள் தென்காசி வண்டியின் டிரைவர். முப்பத்தெட்டு வயசு. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் மேலக்கடைத் தெருவின் குறுகலில் கூட மாடு மிரளாமல் வண்டியை நகர்த்துவாள். போன ஐப்பசியில் ஒரு தடவை, தை மாசத்தில் ஒரு தடவை, காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. இரண்டு தடவையும் பட்டை பச்சை. அதுவும் சும்மா பச்சை இல்லை, பூஜ்யம் புள்ளி மூன்று. பச்சைப் பிள்ளைக்குக்கூட அதைவிடக் கூட இருக்கும். நான் இரண்டு தடவையும் எழுதினேன். அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் பெட்டியே சொன்ன பிறகு நான் யார்?

இந்தப் பேச்சித்தாய்க்கும் எங்கள் பிட்டர் ஆவுடையப்பனுக்கும் காதல் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். தென்காசி வண்டியின் கிளட்ச் அந்த வருஷம் பதினாறு தடவை ரிப்பேர் ஆனது. பதினேழாவது தடவை நானே போய், "ஏலே, கிளட்ச்சுல ஒரு கோளாறும் இல்ல. வீட்ல போய்ப் பேசு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேசினார்கள். ஆவுடையப்பனின் அக்கா வேலம்மாள் சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. நல்ல முகூர்த்தத்தில், மண்டபத்தில், மேளத்தோடு கல்யாணம் நடக்க வேண்டும். நாற்பத்தொரு வயசுத் தம்பிக்குக் கல்யாணம் ஆவதைத் தெருவே பார்க்க வேண்டுமாம். ஆவணி மாசம் ஒரு புதன்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நாள் குறித்தார்கள்.

இங்கேதான் பஸ்காரன் பிழைப்பு வந்து இடிக்கிறது. முகூர்த்த நாளில் ஊரே கல்யாணத்துக்குப் போகும். ஊரை ஏற்றிப் போக எல்லா வண்டியும் ஓடும். அதனால் அன்றைக்கு வார ஓய்வுகூட கிடையாது. நாங்கள் ஆயிரம் கல்யாணத்துக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம், ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது கல்யாணப் பெண்ணே டிரைவர், மாப்பிள்ளையே பிட்டர். அவள் வராவிட்டால் மூன்றாவது பொய். வந்தால் தாலி கட்டிக்கொள்ள ஆள் இல்லை.

"உடம்பு லீவு வாங்கிட்டாப் போச்சு" என்றான் ஆவுடையப்பன்.

"எனக்கு ஏறாது. எத்தன காய்ச்சல் வந்தாலும் இந்தச் சனியன் பச்சையாத்தான் எரியும்" என்றாள் அவள்.

நான் அதை நம்பவில்லை. ஆனால் டிப்போ முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டார்கள். எனக்கும் கல்யாணச் சாப்பாட்டு ஆசை வந்துவிட்டது. சிவப்பு வாங்க ஆட்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். ஒருவன் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டான். ஒருவன் பாபநாசம் வரை ஓடிப்போய் ஓடிவந்து, சிவப்பு வாங்கி, மூன்று நாள் படுக்கையிலேயே லீவைக் கழித்தான். ஒருவன் முதுகு முழுக்கப் பச்சை குத்திச் சிவப்பு வாங்கினான். எனக்கு வலி ஆகாது. ஆகையால் அறிவியலை நாடினேன்.

மாசம் ஒரு தடவை எங்களைப் பரிசோதிக்க வரும் டாக்டர் ரஹ்மத் நிஷா ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பார். திருச்சிக்காரர், பொறுமைசாலி. நான் பொதுஅறிவுக்குக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா, இந்த சி.ஆர்.பி. எங்கன இருந்து வருது?"

"கல்லீரல்லேர்ந்து. உடம்புல எங்கயாவது காயமோ கிருமியோ வந்தா அங்க இருக்கிற வெள்ளை அணுக்கள் இரத்தத்துல ஒரு சேதி அனுப்பும். அது கல்லீரலுக்குப் போனதும், கல்லீரல் தினப்படி செய்ற சரக்கைக் குறைச்சுட்டு அவசரச் சரக்கு தயார் பண்ண ஆரம்பிச்சிரும்."

"முகூர்த்த நாள்ல டவுன் வண்டியக் கொறச்சிட்டு ஸ்பெஷல் விடுத மாதிரியா?"

அவர் சிரித்துவிட்டார். "அதே கதைதான். ஆல்புமின்னு ஒண்ணு, அது தினப்படி ஓடுற டவுன் பஸ். அது குறையும். இரத்தத்தை உறைய வைக்க ஒரு புரதம், இரும்புச் சத்தைக் கிருமி திருடாம ஒளிச்சு வைக்க ஒண்ணு, அப்படின்னு வகைவகையா ஸ்பெஷல் கிளம்பும். அதுல ஒண்ணுதான் சி.ஆர்.பி. கிருமி மேல போய் ஒட்டிக்கிட்டு 'இவன்தான், பிடி'ன்னு காட்டிக் கொடுக்கும். ஆயிரம் மடங்குகூட ஏறும்."

"எவ்ளோ நேரத்துல ஏறும்?"

"ஆறு மணி நேரத்துல ஆரம்பிச்சு, ரெண்டாம் நாள் உச்சி. காரணம் போனதும் ஒரு நாளைக்குப் பாதி பாதியா இறங்கிடும்."

"தடுப்பூசி போட்டா?"

"அதுவும் உடம்புக்கு ஒரு பொய்ச் சண்டைதானே. இப்ப புது மழைக்காய்ச்சல் ஊசி வந்திருக்கு, அது நல்லாவே ஏத்தும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சிக்கிடலாம்னு."

திங்கள்கிழமை சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. திரும்பி வரும்போது என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இருபத்தாறு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

புதன்கிழமை விடிகாலை நாலேமுக்காலுக்கு டிப்போ வந்தேன். பட்டை பதினெட்டு காட்டியது. பட்டுச் சட்டை, மயில்கண் வேட்டி, செண்ட் எல்லாம் தயார். லீவுச் சீட்டைப் பெட்டி ஐந்தரைக்குத்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து அடிக்கும். அதுவரை கேட்டுக்குள் காத்திருக்க வேண்டும்.

முதல் ஆளாக வந்தது பேச்சித்தாய். காக்கிச் சட்டையில் வந்தாள். கூறைப் புடவை கைப்பையில் இருந்தது. கையை நீட்டினாள். பச்சை. பூஜ்யம் புள்ளி நான்கு.

"அண்ணாச்சி, கை காலெல்லாம் உளையுது. குளுருது" என்றாள்.

"பெட்டி சொல்லலியே தாயி."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கு வரை என்னால் மறக்க முடியவில்லை. அப்போது நான் நினைத்தது, கல்யாணம் நின்றுபோகிற துக்கத்தில் நடிக்கிறாள் என்று. சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு வண்டி திருநெல்வேலி நோக்கி வெளியே போனது. எழுதிக்கொண்டேன்.

அடுத்து மாப்பிள்ளை வந்தான், பட்டு வேட்டியில். சிவப்பு, இருபத்திரண்டு. "எப்படிடே?" என்றேன். "முந்தாநாள் ஒரு ஊசி" என்று காதோடு சொன்னான். கல்யாணப் பெண் வண்டியில் போய்விட்டாள் என்றதும் அவன் முகம் செத்துப்போனது.

அடுத்து ஜவ்வாது மணக்க வந்தான் டிரைவர் பெருமாள்சாமி. சிவப்பு. அடுத்தது ஒர்க்‌ஷாப் கூட்டம், ஆளுக்கொரு கூலிங் கிளாஸோடு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எல்லோர் முகத்திலும் அதே கள்ளச் சிரிப்பு. முதல் பத்து பேர் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். இருபதாவது ஆள் வந்தபோது ஒருவன் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான். கடைசியாகக் கிளை மேலாளர் எட்வின் சார் கோட்டு சூட்டில் வந்து இறங்கினார். கையை நீட்டினார். இருபத்தாறு. டிப்போவிலேயே உச்ச அளவு.

"சார், நீங்களுமா?"

"மூட்டு வலி" என்றார், ஊசி போட்ட தோளைத் தடவிக்கொண்டே.

ஐம்பத்தெட்டு பேர். பட்டும் பவுடருமாக டிப்போ முற்றமே மண்டபம் போல இருந்தது. ஐந்தரை மணிக்கு லீவுச் சீட்டு வரும் என்று எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். சீட்டு வரவில்லை. சங்கு அலறியது. கேட் தானாக இழுத்து மூடிக்கொண்டது. பெட்டிக்கு ஒரு இனிமையான பெண் குரல் உண்டு. அது சொன்னது:

"ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தெட்டு பேருக்குக் கடும் அழற்சி கண்டறியப்பட்டுள்ளது. கொள்ளைநோய் நடைமுறை தொடங்குகிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு யாரும் வெளியேற வேண்டாம். அமைதியாக இருக்கவும். தண்ணீர் குடிக்கவும்."

யாரும் அமைதியாக இல்லை. எட்வின் சார் பெட்டியிடம், "இது நோயில்ல, ஊசி, ஊசி!" என்று கத்தினார். அது மறுபடி தண்ணீர் குடிக்கச் சொன்னது. மேலிடத்துக்குப் போன் போட்டால், ஊசி போட்டதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். சார் போனை வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண் வெளியே, ஓடுகிற வண்டியில். மாப்பிள்ளை உள்ளே, பூட்டிய டிப்போவில். மண்டபத்தில் வேலம்மாள் அக்காவும் முந்நூறு இலையும். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போக ஆசைப்பட்டே அதைக் கெடுத்துவிட்டோம்.

எட்டரை மணிக்குத் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டிலிருந்து பேச்சித்தாய் போன் செய்தாள். ஆவுடையப்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

"உள்ள மாட்டிக்கிட்டீயளாமே?"

"ஆமா பேச்சி. நாஞ் சொல்லுததக் கேளு, இன்னொரு நாள்..."

"இன்னொரு நாள்லாம் கெடையாது. தென்காசி போற வழியில ஒம்பது நாப்பதுக்கு டிப்போ வாசல்ல நிப்பேன். பத்து நிமிஷம் ஸ்டாப்பிங். வேலம்மா மைனிகிட்ட தாலியக் கொண்டாந்து வாசல்ல நிக்கச் சொல்லுங்க. பத்தே நிமிஷம். கேட்டா?"

ஐம்பத்தெட்டு நோயாளிகளும் போட்ட விசிலில் பெட்டி இரண்டு தடவை எச்சரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் சாட்டமும்தான். மண்டபத்து வாழை மரங்கள் ஆட்டோவில் வந்து கேட்டின் இரண்டு பக்கமும் ஏறின. நாதஸ்வரக்காரர்கள் நடந்தே வந்தார்கள். சமையல்காரர் அண்டாக்களை லோடு வேனில் அனுப்பினார். பெட்டி வரவழைத்ததால் டாக்டர் ரஹ்மத் நிஷாவும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகமூடியைக் கழற்றினார்.

"திங்கக்கிழமை இத்தனை பேர் வந்து ஊசி போட்டீங்களே, ஊர்ல அறிவியல் நல்லா வளருதுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய்ப் பெருமையா வேற சொன்னேன்" என்றார்.

எட்வின் சார் பெட்டி சொன்னபடி தண்ணீர் குடிக்கப் போனார்.

ஒன்பது நாற்பதுக்குச் சரியாகத் தென்காசி வண்டி வந்து நின்றது. காக்கிச் சட்டைக்கு மேலேயே கூறைப் புடவையைச் சுற்றிக்கொண்டு பேச்சித்தாய் இறங்கினாள். பின்னாலேயே நாற்பத்தேழு பயணிகள். டிரைவருக்குக் கல்யாணம் என்று திருநெல்வேலியிலேயே சொல்லிவிட்டாளாம். ஒருத்தர்கூட ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. ஒரு அம்மாள் யாருக்கோ கொண்டுபோன பூவை அறுத்து இவள் தலையில் வைத்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். வேலம்மாள் தாலியைக் கம்பி வழியாக நீட்டினாள். மேளம் கொட்டியது. ஆவுடையப்பன் இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே விட்டு அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான். நாங்கள் பூ அரிசியை வாரி இறைத்தோம். பாதி பெட்டி மேல்தான் விழுந்தது.

இரண்டாவது முடிச்சு விழவில்லை. அவன் விரல்கள் அவள் பிடரியில் அப்படியே நின்றன.

"பேச்சி, கழுத்து கொதிக்குதே!"

"கட்டுங்க மொதல்ல. நேரமாச்சு."

"எலேய், மேளத்த நிறுத்து! ஒனக்குக் காய்ச்சல் அடிக்குது பேச்சி!"

மேளம் நின்றது. அவள் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். "விடியக்காலயிலயே சொன்னேன். ஐப்பசியிலருந்து சொல்லுதேன். மொதத் தடவையா ஒரு ஆளு சொல்லுதாவ, எனக்குக் காய்ச்சல்னு."

டாக்டர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை என்கிட்ட ஊசி போட்டவங்க அம்பத்தொன்பது பேர். இங்க இருக்கிறது அம்பத்தெட்டு. அந்த ஒருத்தர் யாருன்னு அப்பலேர்ந்து பாக்கறேன்."

"நாந்தான்" என்றாள் பேச்சித்தாய். "இந்தத் தடவையாவது ஏறும்னு போட்டேன்."

டாக்டர் அவள் நாக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தார். நூற்றிரண்டரை. கைப்பட்டையைப் பார்த்தார். பூஜ்யம் புள்ளி நான்கு, பளிச்சென்ற பச்சை.

"அப்ப பட்டை கெட்டுப்போச்சா?" என்றேன் நான்.

"பட்டை சரியாத்தான் படிக்குது. சேதி கல்லீரலுக்கு வருது, மத்த ஸ்பெஷல் எல்லாம் கிளம்புது, காய்ச்சலும் வருது. சி.ஆர்.பி. மட்டும் இவங்க கல்லீரல் சரியாத் தயாரிக்காது. சில பேருக்குப் பிறவியிலேயே அப்படி. நீங்க அந்த ஒரு வண்டிக்காகவே வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறீங்க தாணுமூர்த்தி, இவங்க டிப்போல அந்த வண்டியே கிடையாது." அப்புறம் அவள் பக்கம் திரும்பிக் கோபமாகவே சொன்னார்: "இந்தக் காய்ச்சலோட நாப்பத்தேழு பேரை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கீங்களேம்மா."

"ஓட்டலேன்னா மூணாவது பொய்யில்லா டாக்டரம்மா" என்றாள் அவள்.

ஐம்பத்தெட்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரித் திடமாக உள்ளே நோயாளிகளாக நின்றோம். நூற்றிரண்டரைக் காய்ச்சல்காரி வெளியே டூட்டியில் நின்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

ஆவுடையப்பன் இரண்டாவது முடிச்சைப் போட்டான். மூன்றாவதை வேலம்மாள் போட்டாள். மேளக்காரர் யாரும் சொல்லாமலே வெளுத்து வாங்கினார். பேச்சித்தாய் வண்டிச் சாவியைக் கம்பி வழியாக என் கையில் வைத்தாள்.

"என்னால முடியல அண்ணாச்சி. என்ன வேணா எழுதிக்கோங்க."

பெட்டி உடனே வாயைத் திறந்தது. "ஓட்டுநர் உடல்நிலை இயல்பு. வண்டி தாமதம். மூன்றாவது குறிப்பு எழுதப்பட வேண்டும்."

தென்காசி டிப்போவிலிருந்து வேறு டிரைவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பயணிகள் சந்தோஷமாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பச்சை என்பதால் பேச்சித்தாயைப் பெட்டி உள்ளே விடவில்லை. அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே விரித்த ஜமுக்காளத்தில் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஆவுடையப்பன் ஈரத் துணியை அவள் நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தான். வேலம்மாள் இருவருக்கும் மாறி மாறிப் பாயசம் கொடுத்தாள். தெருவே நின்று பார்த்தது.

நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். பெட்டி ஏற்காத லீவைக் கையால் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. "காய்ச்சல்" என்று எழுதினேன். பிறகு பழைய பக்கங்களைத் திருப்பினேன்.

"தாயி, ஐப்பசில ஒரு நாள், தையில ஒரு நாள். நெசமாவே காய்ச்சல்தானா?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "ஐப்பசில நூத்தி மூணு. தையில அளக்கல அண்ணாச்சி. எந்திரிச்சி தெர்மாமீட்டர எடுக்கவே முடியல."

இரண்டு இடத்திலும் கோடு போட்டு அடித்தேன். அடித்த பிறகும் "பொய்" என்ற சொல் அடியில் நன்றாகவே தெரிந்தது. மேலே மை தடவி மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மறைக்கவில்லை. ஒவ்வொரு "பொய்"யிலிருந்தும் ஒரு அம்புக்குறி இழுத்து, ஓரத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.